கடைசி வரிசையிலிருந்து எண்ணியது

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போனதும் தன் செல்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். காட்சியரங்கத்தின் ஜன்னல் வழியாக எடுத்த படம். உள்ளே வகுப்பு நடக்கிறது. ஒரு பையனின் மடிக்கணினியில் கிரிக்கெட் ஓடுகிறது. மகனின் கட்டணம் கட்ட வந்த தகப்பனார் ஒருவர் எடுத்து, நேரே ஆட்சிக்குழுச் செயலாளருக்கே அனுப்பிவிட்டாராம்.

“நவநீதன் கிளாஸுங்க மேடம்” என்றார் முதல்வர் திருமூர்த்தி. கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணியும்.

நவநீதன் எங்கள் பொருளியல் துறையின் தற்காலிக விரிவுரையாளர். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அவர் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் துறையில் இரண்டு இடங்கள் நிரப்பப்படாமலே கிடப்பதால், இரண்டாம் ஆண்டு வணிகவியலின் மூன்று பிரிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து அவர் தலையில் கட்டியிருக்கிறோம். நூற்றெண்பது பேர் இருக்கும். அத்தனை பேரையும் மடிக்கணினியோடு வரலாம் என்று சொன்னவர் அவர்தான். என் வகுப்பில் மடிக்கணினி கிடையாது. செல்பேசி கண்ணில் பட்டால் வாங்கி மேசைமேல் வைத்துவிடுவேன்.

“நவம்பர்ல ஆட்சிக்குழு கூடுதுங்க. லேப்டாப்பை மொத்தமா நிறுத்திரலாம்கறாங்க. நிறுத்துனா, அதைக் கொண்டாந்த ஆளையும் ரினியூ பண்ணாம விட்ரலாம்கறாங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் போகும். எதுக்கும் நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க. எத்தனை பேர் பாடத்துல இருக்கறாங்க, எத்தனை பேர் இல்லைன்னு ஒரு கணக்கு எழுதிக் குடுங்க.”

“நான் எதுக்குங்க சார்?”

“நீங்கதான் எதையும் லேசுல நம்பமாட்டீங்களே.”

பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மனிதரின் வேலையை எண்ணிக்கையாக மாற்றித் தரச் சொல்கிறார்கள் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

வரும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இதைப் பற்றி ஏற்கெனவே ஆய்வு செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். கையில் கிடைத்த கட்டுரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று மடிக்கணினி கவனத்தைக் கெடுக்கிறது என்கிறது. இன்னொன்று அப்படியெல்லாம் இல்லை, அடுத்த இருக்கைக்காரரின் மடிக்கணினிதான் கெடுக்கிறது என்கிறது. மூன்றாவது கட்டுரை இரண்டு பக்கமும் பேசி முடிகிறது.

என் முறை எளிது. கடைசி வரிசையில் உட்கார்வேன். அங்கிருந்துதான் திரைகள் தெரியும். அவ்வப்போது நிமிர்ந்து, கண்ணுக்குத் தெரியும் திரைகளில் பாடம் எத்தனை, மற்றது எத்தனை என்று குறிப்பேன். இதில் தவறு நேர வாய்ப்பில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

முதல் நாள். நவநீதனிடம் முதல்வர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எதற்காக வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். வாசலில் நின்று வரவேற்றார்.

“தாராளமா உக்காருங்க மேடம். அந்த மூலையில மட்டும் வேண்டாம், ஏசித் தண்ணி தலைல சொட்டும்.”

மற்ற மூலையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சுபிக்‌ஷா என்று ஒரு பெண். என்னைப் பார்த்து எழுந்து, பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

திரைகளில் கண்டவை: கிரிக்கெட். ரவிக்கை வடிவங்கள். வங்கித் தேர்வுக்கான மாதிரி வினாக்கள். சினிமா டிக்கெட். வேறொரு பாடத்தின் ஒப்படைப்பு. ஒரு பையன் தன் புகைப்படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடத்தைத் திறந்து வைத்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுபிக்‌ஷா யாருடைய வீட்டுச் சீர் விழாவுக்கோ அழைப்பிதழ் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். மயிலை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்று அவளுக்குக் குழப்பம்.

என் அறிக்கை முதல் பத்து நிமிடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது நவநீதன் கேட்டார். “நம்ம கேன்டீன்ல டீ விலை ஏறுதுன்னு வச்சுக்கங்க. எத்தனை பேரு டீயை நிறுத்துவீங்க?”

அரங்கம் இரைந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். சுபிக்‌ஷா தலையைத் தூக்காமல், மயிலை நகர்த்திக்கொண்டே, “டீயெல்லாம் நிறுத்தமாட்டோமுங்க சார். பன்னைத்தான் நிறுத்துவோம்” என்றாள்.

“யாருடா அது பன்னுக்கு வேட்டு வச்சது?” என்று முன்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் சிரிக்கவில்லை. அந்தப் பன்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு பொருளின் விலை ஏறினால் அதோடு சேர்த்து வாங்கும் இன்னொரு பொருளின் தேவை குறைகிறது. பாடத்திட்டத்தில் இது இன்னும் இரண்டு அத்தியாயம் தள்ளித்தான் வருகிறது. இன்றைக்கே முடித்துவிட்டார்.

என் தாளில் சுபிக்‌ஷாவுக்கு நேரே ‘பாடத்தில் இல்லை’ என்று குறித்திருந்தேன். அடிக்கவில்லை. திரையைத்தானே எண்ணச் சொன்னார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஒரு ரோஜா, ஒரு கிண்ணம் கேசரி, ஒரு பேனா. பேனா எழுதவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

என் கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து சாப்பாட்டு மேசையில் பாதி மடிக்கணினிக்குப் போய்விட்டது. நான் பேசினால் “ம்” வரும். சரியான இடத்தில் வரும், அதைக் குறை சொல்ல முடியாது. இன்று ஒரு சோதனை செய்தேன்.

“நேத்து பஸ் ஸ்டாண்டுல யானை ஒண்ணு நின்னு கரும்புச்சாறு குடிச்சுதுங்க.”

“ம். சரி.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. திரை முன்னால் இருக்கும் ஆள் கேட்பதில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் இட்லிக்கு நடுவே இவர் கேட்டார்: “ஏன் கோதை, அந்த யானைக்கு யாரு காசு குடுத்தா?”

செப்டம்பர் 10, செவ்வாய்

நம்ப முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த அத்தனை திரைகளிலும் பாடம். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒரே தேவைக்கோடு, இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டு. கிரிக்கெட் இல்லை, ரவிக்கை இல்லை. சுபிக்‌ஷாவின் திரையிலும் மயில் இல்லை. முதுகுகள் நேராக இருந்தன. ஒரு சத்தம் இல்லை.

முன்பு குறித்ததை ஒருமுறை சரிபார்த்தேன். ஒரே வாரத்தில் இப்படி மாறுமா? மாறியிருக்கிறதே. எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

வெளியே வந்ததும் நவநீதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னைக்கு என்னவோ ஒருத்தனும் வாயே தொறக்கலீங்க மேடம். எல்லாருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டேன். அதுக்கும் தலையைத்தான் ஆட்டறாங்க.”

“நல்லாத்தான் கவனிச்சாங்க” என்றேன்.

“அப்படீங்களா?” என்றார். நம்பாத மாதிரி இருந்தது. நம்பாமல் இருப்பது என்னுடைய வழக்கம். அதை இன்னொருவரிடம் பார்க்கும்போது ஏனோ எரிச்சல் வந்தது.

முதல்வரிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். “அட!” என்றார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

போன செவ்வாய் விடுமுறை. இன்று என்னுடைய மடிக்கணினியை எடுத்துப் போனேன். தாளில் குறித்துப் பிறகு ஏற்றுவதைவிட நேரே ஏற்றிவிடலாம் என்றுதான்.

மறுபடியும் எல்லாத் திரையிலும் பாடம். ஏற்றினேன். நடுவில் ஒருமுறை சமையல் எரிவாயுவுக்குப் பதிவு செய்தேன். அது ஒரு நிமிட வேலை. பிறகு அந்தத் தளம் ஏதோ கேட்டது, அதையும் கொடுத்தேன். கோவைக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நிமிர்ந்து திரைகளை எண்ணினேன். எண்ணிக்கை முழுமையாக இருந்தது.

மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது நவநீதன் ‘நிலையான செலவு’ என்று சொன்னது காதில் விழுந்தது. உற்பத்திச் செலவு. அது அடுத்த அலகு. திரைகளைப் பார்த்தேன். தேவைக்கோடு சரிந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் முன்பு சரிந்த அதே கோடு. அதே இடத்தில் அதே மூன்று புள்ளிகள். நூற்றெண்பது திரைகளிலும் ஒரே படம், ஒரு பக்கம்கூட நகரவில்லை.

குனிந்து சுபிக்‌ஷாவிடம் கேட்டேன். “என்னம்மா இது?”

“என்னங்க மேம்?”

“சார் எங்கேயோ போய்ட்டாரு. நீங்க எல்லாரும் இன்னும் இந்தக் கோட்டுலயே நிக்கறீங்க.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். “குரூப்ல போட்டாங்க மேம். நீங்க வர்ற செவ்வாக்கிழமையெல்லாம் இந்தப் போட்டோவைத் தொறந்து வச்சுட்டு ஆடாம அசையாம உக்காரணும்னு. சாருக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க.”

“இந்த வித்தையெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?”

என்னையே பார்த்தாள். “நீங்கதானுங்க மேம்.”

“நானா?”

“போன வருசம் ஆய்வுக் கமிட்டி வந்தப்ப. எங்களையெல்லாம் வரிசையா உக்கார வச்சு மைக்ல சொன்னீங்களே. கமிட்டி உள்ள வந்தா பேனாவைக் கையில எடுங்க, நிமிந்து உக்காருங்க, பக்கத்துல பேசாதீங்க, அடிக்கடி தலையாட்டுங்கன்னு. அப்ப லேப்டாப் இல்ல. இப்ப இருக்குது. அவ்வளவுதானுங்க.”

“அது கமிட்டிக்கு.”

“நீங்களும் கமிட்டிதானுங்களே மேம்? சாரை அனுப்பறதுக்குத்தானே வர்றீங்க?”

மணி அடித்தது. நல்லவேளை.

கமிட்டி ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் சொன்னது உண்மைதான். எல்லாக் கல்லூரிகளிலும் யாரோ ஒருவர் சொல்லத்தான் செய்கிறார்கள். இது வேறு, அது வேறு. எப்படி வேறு என்று இன்னும் யோசிக்கவில்லை.

இன்னொன்று. நூற்றெண்பது பேர் ஒரு விஷயத்தை ஒருவர் விடாமல் செய்திருக்கிறார்கள். ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை. என் வகுப்பில் இருக்கும் அறுபது பேரையும் ஒரே நாளில் ஒரே புத்தகத்தைக் கொண்டுவர வைக்க என்னால் முடிந்ததில்லை. இதை இங்கே எழுத வேண்டிய தேவை என்ன என்று தெரியவில்லை.

செப்டம்பர் 25, புதன்

நவநீதனிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. துறை அறையில் வேறு யாரும் இல்லாதபோது சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அதான் உம்முன்னு உக்காந்திருந்தாங்களா! நான் என்னடான்னா பாடம் நடத்த மறந்துபோச்சோன்னு ராத்திரியெல்லாம் புரண்டுட்டிருந்தேனுங்க.”

பிறகு சிரிப்பு நின்றது. “நான்தான் செய்யச் சொன்னேன்னு நினைப்பாங்களே மேடம்.”

“நினைக்கலாம்.”

“பாப்பாவை ஜூன்ல ஸ்கூல்ல சேத்தணும். இங்க பக்கத்துலயே சேத்தலாம்னு இருந்தோம்.” ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் கேட்பது போல் இல்லை.

“எழுதாம விடட்டுங்களா?” என்று கேட்டேன். நான் கேட்கக்கூடிய கேள்வியே அல்ல அது.

“வேண்டாமுங்க மேடம். உள்ளதை எழுதுங்க.” வாசல்வரை போய்த் திரும்பி, “ஆனா எது உள்ளதுன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

முதல் நாள் பார்த்ததா, இரண்டாம் நாள் பார்த்ததா? நான் இல்லாதபோது அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் அங்கே இருந்துகொண்டு பார்க்க முடியாது. மாணவர்களுக்கு இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆய்வு முறைகள், மூன்றாம் அலகு.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று அரங்கத்துக்குப் போகவில்லை. என்னுடைய மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். எப்போதும் மேடையை விட்டு இறங்காதவள், பேசிக்கொண்டே நடந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். யாரும் திரும்பவில்லை. அறுபது முதுகுகள். மடிக்கணினி இல்லை, செல்பேசி இல்லை, சத்தம் இல்லை. பேனாக்கள் மட்டும் ஓடுகிற சத்தம். இதைப் பார்த்தால் முதல்வர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“பணத்தின் பணிகளுள் முதன்மையானது…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், இருமல் வந்ததால் நிறுத்தினேன்.

பேனாக்கள் நிற்கவில்லை.

இருமல் அடங்கிய பிறகும் நான் பேசவில்லை. வேண்டுமென்றே நின்றேன். எழுதிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ‘பரிமாற்ற ஊடகமாக இருப்பது’ என்று என் வாக்கியத்தை முடித்து, அதற்குக் கீழே நான் இன்னும் சொல்லாத எடுத்துக்காட்டுக்குப் போயிருந்தான் லோகேஷ்வரன்: ‘ஒரு குடியானவரிடம் ஒரு மாடு இருக்கிறது.’

“நான் இன்னும் மாட்டைச் சொல்லலையேப்பா” என்றேன்.

“அடுத்து அதானுங்களே மேம் வரும்” என்றான் சாதாரணமாக. “எங்க அண்ணனும் இதே டிபார்ட்மெண்ட்தான். அவரு காலத்துலயும் மாடுதானுங்க.”

“பாவம் மேம், அந்த மாடு இந்நேரம் பாட்டி ஆயிருக்கும்” என்றது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

வகுப்பே சிரித்தது. இந்த வருடம் என் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது இதுதான் முதல் தடவை. மேடைக்குத் திரும்பி, மாட்டைச் சொல்லி முடித்தேன். அதைத் தவிர வேறு எடுத்துக்காட்டு அந்த நிமிடத்தில் தோன்றவில்லை.

அடுத்த வாக்கியத்தை அறிந்து வைத்திருப்பது கவனம் என்றால் அவர்களைவிடக் கவனமான மாணவர்கள் உலகத்திலேயே கிடையாது. இல்லையென்றால், நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 5, சனி

ஆயுத பூஜைக்கு முன்னால் பரண் சுத்தம். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு செல்பேசி பார்த்தார். நான் விழவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

கடைசிப் பார்வை. நவநீதன் அவர்களிடம் பேசிவிட்டார் போலிருக்கிறது. மேடையில் ஏறியதும், “மேடத்துக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நடிச்சது போதும். எப்பவும் போல இருங்க” என்றார்.

எப்போதும் போல் இருப்பது எப்படி என்று அந்தப் பிள்ளைகளுக்கு மறந்துவிட்டது. பாதிப் பேர் மடிக்கணினியை மூடினார்கள். மூடியவர்களைப் பார்த்துச் சிலர் திறந்தார்கள். எனக்கு நேர் முன்னால் இருந்த வரிசையில் ஒரு பையன் கிரிக்கெட்டைத் திறந்து, திரையை எனக்குத் தெரியும்படி சற்றுத் திருப்பி வைத்தான். ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எதுக்குப்பா இப்படித் திருப்பி வச்சிருக்க?”

“எப்பவும் போல இருக்கச் சொன்னாருங்க மேம்” என்றான், பரிதாபமாக.

நான் எண்ணவில்லை. எதை எண்ணுவது? தாளை மடித்துப் பையில் வைத்தேன். வேறு வேலை இல்லாததால் பாடத்தைக் கேட்டேன். இந்த அரங்கத்தில் இத்தனை வாரம் உட்கார்ந்திருந்தும் ஒரு வகுப்பை முழுதாகக் கேட்டது இன்றுதான்.

நிலையான செலவைத்தான் திரும்ப நடத்தினார். போன தடவை யாரும் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியுமே. மேலே சுற்றும் விசிறியைக் காட்டினார். நூற்றெண்பது பேர் வந்தாலும் அதே விசிறி, ஒரே ஒருத்தன் வந்தாலும் அதே விசிறி. “எனக்கும் அப்படித்தானுங்க. நூத்தியெம்பது பேருக்கும் நான் ஒருத்தன்தான். ஆளுக்கு எவ்வளவு வருதுன்னு நீங்களே வகுத்துக்கங்க.”

முதலில் சிரித்தது நான்தான். எனக்குப் பிறகுதான் மற்றவர்கள். சுபிக்‌ஷா திரும்பி என்னைப் பார்த்தாள். இருபத்துநான்கு வருடமாக இதை நான் நடத்திவருகிறேன். நிலையான செலவு எனக்குத் தெரியாதது அல்ல.

அக்டோபர் 22, செவ்வாய்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். தலைப்பு எழுதினேன். குக்கர் வைத்தேன். அறிமுகம் எழுதினேன். முதல்வர் தொலைபேசியில் இரண்டு தடவை சொன்னது: “பெருசா எல்லாம் வேண்டாமுங்க மேடம். ஒரு நம்பர். அவங்க நம்பரைத்தான் பாப்பாங்க.”

முதல் நாள் எண்ணைப் போட்டால் நவநீதன் போய்விடுவார். இரண்டாம், மூன்றாம் நாள் எண்ணைப் போட்டால் இருப்பார், ஆனால் அது பொய். நடந்ததை முழுதாக எழுதினால் அவர்தான் நடிக்க வைத்தார் என்பார்கள். மூன்று எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம். இப்படி ஒரு சராசரியை என் மாணவர் யாராவது எடுத்திருந்தால் எழுந்து வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

குக்கர் எத்தனை விசில் என்று கவனிக்கவில்லை. பருப்பு குழைந்துவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. முதல்வர் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

“மேடம், நம்பர் எங்கீங்க?”

“எழுத முடியலீங்க சார். உள்ளே எல்லாம் இருக்குது.”

படித்தார். பிள்ளைகள் ஒரே படத்தைத் திறந்து வைத்த பகுதி வந்ததும் நிமிர்ந்தார். “இதையும் போடணுமுங்களா? போன வருசம் கமிட்டிக்கு நாமதான் இப்படிச் சொல்லிக் குடுத்தோம்னு?”

“நாம இல்லீங்க சார். நான்னுதான் எழுதியிருக்கறேன். நவநீதனுக்கு இதுல பங்கில்லைன்னு அடுத்த வரியில இருக்குதுங்க.”

என் வகுப்புப் பேனாக்களைப் பற்றியும் இருந்தது. அதைப் படித்துவிட்டு நேரே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதற்கு நன்றி.

முடிவுரை: ‘மேலும் ஆய்வு தேவை. ஒப்பிடத்தக்க முடிவு கிடைக்க வேண்டுமானால் அதே மாணவர்கள், அதே அரங்கம், அதே மடிக்கணினிகள், அதே ஆசிரியர் இன்னொரு பருவம் தொடர வேண்டும்.’

மேலும் ஆய்வு தேவை என்ற வாக்கியத்தை மாணவர்களின் ஆய்வேடுகளில் சிவப்பு மையால் அடித்தே பழக்கப்பட்டவள் நான். ஒன்றும் கண்டுபிடிக்காதவர்கள் எழுதும் வாக்கியம் என்பேன். நானும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே.

முதல்வர் ‘அதே ஆசிரியர்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். “மேடம், இது ஆய்வுங்களா, சிபாரிசுங்களா?”

“எனக்கே தெரியலீங்க சார்.”

அறிக்கையை மூடி வைத்தார். “செயலாளர் விவரமான ஆளுங்க. ஒப்பிடறதுன்னா எதோட ஒப்பிடறதுன்னு கேப்பாரு. லேப்டாப் இல்லாத வகுப்பு ஒண்ணும் கணக்குல வேணுமில்லீங்களா? உங்களுது இருக்குது. அங்க நவநீதன் பின்னாடி உக்காந்து பாக்கட்டும். அப்படீன்னா நான் பேசிப் பாக்கறேன்.”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்ததில்லை. உட்கார வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை. தண்ணீர் குடித்தேன்.

“உக்காரட்டுங்க” என்றேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப எண்ணப்போன ஆளையே எண்ணறதுக்கு ஆள் போட்டுட்டாங்க” என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

ஆட்சிக்குழு முடிந்தது. நவநீதனுக்கு ஒரு பருவம் நீட்டிப்பு. மடிக்கணினிக்கும் ஒரு பருவம். ஏப்ரலில் இரண்டு பேரும் சேர்ந்து அறிக்கை தர வேண்டும்.

நவநீதன் துறை அறைக்கு வந்து நின்றார். நன்றி சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. “எந்தக் கிளாஸுக்கு மேடம் வரட்டும்?” என்று மட்டும் கேட்டார்.

“செவ்வாய் வேண்டாம்” என்றேன். “செவ்வாய் நான் அங்க வரணும்.”

டிசம்பர் 11, புதன்

பருவத்தின் முதல் வகுப்பு. நவநீதன் எனக்கு முன்பே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குறிப்பெடுக்க மடிக்கணினி கொண்டுவரலாமா என்று நேற்றே கேட்டிருந்தார். ஆய்வுக்காக என்பதால் மறுக்க முடியவில்லை. இந்த அறையில் திறக்கப்பட்ட முதல் மடிக்கணினி அது.

மேடையிலிருந்து பார்த்தால் திரை தெரியாது. மூடியின் பின்பக்கம்தான் தெரியும். அதற்கு மேலே பாதி முகம், அதில் நீல வெளிச்சம். தட்டினார். நிறுத்தினார். மறுபடியும் தட்டினார். நான் சொன்னதையா, எண்ணிக்கையையா, வேறு எதையாவதா? ஒருமுறை புன்னகைத்தார். நான் சிரிக்கும்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பணவீக்கத்தைத் தொடங்கினேன். வழக்கமான தொடக்கத்தை விட்டுவிட்டு, எங்கள் தெரு இஸ்திரிக்காரர் ஒரு சட்டைக்கு வாங்கும் கூலியிலிருந்து ஆரம்பித்தேன். நன்றாக வந்தது. அந்த மூடி அசையவில்லை. குரலை உயர்த்தினேன். கரும்பலகையில் படம் போட்டேன், நான் படமே போடுவதில்லை. தட்டுகிற சத்தம் நின்றால் விளக்கத்தைத் திரும்பச் சொன்னேன், வேகமாக வந்தால் நிறுத்தி நிதானித்தேன். நடுவில் யாரோ “மேம்” என்று கூப்பிட்டது போலிருந்தது. இருக்கட்டும், இந்த வாக்கியத்தை முடித்துவிடலாம் என்று தொடர்ந்தேன். ஒரு இடத்தில் நவநீதன் நிமிர்ந்து, மெதுவாகத் தலையாட்டினார். எனக்கு எத்தனை சந்தோஷம் வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒருங்கிணைப்பாளர்கள் கற்றுத் தருகிற தலையாட்டலா, நிஜமானதா என்றும் தெரியவில்லை.

மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டுக் கண்ணை அங்கிருந்து எடுத்தேன். முன்வரிசையில் லோகேஷ்வரன் தூக்கிய கையை இறக்கிக்கொண்டிருந்தான். எப்போதிருந்து தூக்கி வைத்திருந்தான் என்று தெரியவில்லை. அவனையும் சேர்த்து அந்த அறையில் அறுபது பேர் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.